பகல்லயும் ஃபேக்டரி, ராத்திரியும் ஃபேக்டரியா?

கேட்டுட்டாங்க. மறுபடியும் கேட்டுட்டாங்க. இந்தத் தடவை கடலூர் முதுநகர்ல, ஒரு கல்யாணப் பந்தியில. கேட்டவர் கருவூலத்துல கணக்கெழுதி ரிட்டையர் ஆன மாமா. மாட்டுனவன் சிப்காட்ல ஷிப்ட் ஆபரேட்டரா இருக்கிற பையன். இந்த ரெண்டு பேரும் உங்க ஊர்லயும் இருக்காங்க, அதனால அறிமுகம் இவ்வளவு போதும்.

இலையில உப்பும் ஊறுகாயும் விழுந்தப்போ, "தம்பிக்கு எங்க வேலை?" பொரியல் விழுந்தப்போ, "லீவுல என்ன பண்ணுவீங்க?" "கேம் ஆடுவேன் மாமா." சோறு வந்து சாம்பாருக்குக் குழி பறிச்சுக்கிட்டே, "என்ன கேமு, இந்த டுமீல் டுமீல்னு சுடுறாங்களே அதா?" "இல்ல மாமா, ஃபேக்டரி கட்டுறது. ஃபேக்டோரியோனு பேரு."

மாமா கை அந்தரத்துல நின்னுடுச்சு. சாம்பார்க்காரர் வாளியோட நிக்கிறார். எதிர் வரிசையில ஒருத்தர் அப்பளத்தை உடைக்காம காத்திருக்கார். மாமா இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, எல்லாரும் கவனிக்கிறாங்கனு நிச்சயம் பண்ணிக்கிட்டு விட்டார்: "பகல்லயும் ஃபேக்டரி, ராத்திரியும் ஃபேக்டரியா? ஓவர்டைம் குடுக்குறானா?"

வரிசையே சிரிச்சுது. பையனும் சிரிச்சான், வேற வழி? மாமா அதோட விட்டாரா? ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, கை கழுவுற இடத்துல ஒரு தடவை. கை கழுவுற இடத்துல நின்னவங்க புது ஆளுங்க, அதனால அங்க முதல்லேர்ந்து.

நடுவுல ரசம் ஊத்தும்போது பையன் பாவம் விளக்கப் பார்த்தான். "மாமா, அதுல கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு..."னு ஆரம்பிச்சான். "வேலையில அதானேப்பா பண்ற"னு மாமா முடிச்சு வச்சுட்டார். சரி, அவன் சொல்ல வந்ததை இங்க யாராவது முழுசா சொல்லணும்ல.

அந்த கேம்ல அட்வான்ஸ்டு ஆயில் பிராசஸிங்னு ஒரு கட்டம் வரும். 100 கச்சா எண்ணெயும் 50 தண்ணியும் உள்ள போனா 25 ஹெவி ஆயில், 45 லைட் ஆயில், 55 பெட்ரோலியம் கேஸ், மூணும் ஒண்ணா வெளிய வரும். பிளாஸ்டிக்குக்கும் கந்தகத்துக்கும் வேண்டியது கேஸ் மட்டும். கேஸ் மடமடனு செலவாகும், ஹெவி ஆயில் சீண்டுவார் இல்லாம டேங்க்ல ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு டேங்க் 25,000 கொள்ளும். அது ரொம்பின நிமிஷம் ரிஃபைனரி மொத்தமா நின்னுடும். கேஸ் பைப் காலியா கிடக்கும், கச்சா எண்ணெய் வாசல்ல காத்துக் கிடக்கும், ஆனா எதுவும் ஓடாது. புதுசா ஆடுறவன் என்ன பண்ணுவான்? இன்னொரு டேங்க் வைப்பான். அப்புறம் இன்னொண்ணு. அது நோயைத் தள்ளிப் போடுறது, வைத்தியம் இல்ல. வைத்தியம் கிராக்கிங், அதாவது கனமான எண்ணெயை உடைச்சு லேசாக்குறது: 40 ஹெவியும் 30 தண்ணியும் சேர்ந்தா 30 லைட், 30 லைட்டும் 30 தண்ணியும் சேர்ந்தா 20 கேஸ். அதையும் கண்ணை மூடிக்கிட்டு ஓட விட்டா ஹெவி முழுக்கத் தீர்ந்து லூப்ரிகன்ட்டுக்குச் சொட்டு இருக்காது. அதனால ஹெவி டேங்க்லேர்ந்து, கிராக்கிங்குக்குத் தள்ளுற பம்புக்கு ஒரு ஒயர் இழுத்து, டேங்க்ல 20,000க்கு மேல போனா மட்டும் பம்பு ஓடணும்னு நிபந்தனை போடணும். அதுக்கப்புறம் நீங்க தூங்கினாலும் அது தானா சமாளிச்சுக்கும்.

இதே தலைவலி அவன் பிளான்ட்லயும் உண்டு. கடைசி டேங்க் ரொம்பினா மேல இருக்கிற அத்தனையும் மெதுவாகணும். ஆனா அங்க அவனால என்ன பண்ண முடியும்? அலாரம் அடிச்சா லாக் புக்ல எழுதலாம். ஒரு லைனைக் கழட்டணும்னா ஒர்க் பெர்மிட், ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்து, சேஃப்டி கையெழுத்து. அது இருக்கத்தான் வேணும், கடலூர்க்காரங்களுக்கு கெமிக்கல் பிளான்ட் விளையாட்டு இல்லனு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஆனா "இந்த பைப்பை இப்படிப் போட்டிருந்தா இந்தத் தொல்லையே வராதே"னு வருஷக்கணக்கா ஒருத்தன் மனசுல அரிச்சுக்கிட்டு இருக்கும்ல, அந்த அரிப்பைச் சொறியுற இடம் மாமா அது! ராத்திரி 2 மணிக்கு மொத்த பிளான்ட்டையும் இடிச்சுட்டு வேற மாதிரி கட்டலாம். எவனும் பெர்மிட் கேக்க மாட்டான். இதுக்கு ஓவர்டைம் வேற குடுப்பாங்களா?

அப்புறம் ஒண்ணு கேக்குறேன். ஆடு மேய்க்கிறவங்க பாறையில கட்டம் கீறி ஆடு புலி ஆட்டம் ஆடுனாங்களே. 3 புலி, 15 ஆடு, 23 சந்தி. "பகல்லயும் ஆடு, பொழுது சாஞ்சும் ஆடா?"னு எந்த மாமாவாவது போய்க் கேட்டாரா? பகல்ல நிஜப் புலி ஆட்டை அடிச்சுட்டு ஓடுனா பாத்துக்கிட்டு நிக்கணும். கட்டத்துல 15 ஆடும் அவசரப்படாம, ஓரத்துலேர்ந்து இறங்கி, பின்னாடி சந்தி காலியா விடாம நின்னா புலியை நகர முடியாம பூட்டிடலாம். வேலையில கிடைக்காத அந்த ஒரு துண்டு ஆட்டத்துல கிடைக்குது. பல்லாங்குழி மட்டும் என்ன? 14 குழியில விதைச்சுக்கிட்டே போறது, ஒரு குழியில 4 சேர்ந்தா பசுனு எடுத்துக்கிறது. பகல்லயும் விதைப்பு, மாட்டுக்குத் தீனி. திண்ணையிலயும் விதைப்பு, பசு. அப்போ அது நம்ம பாரம்பரியம். இதுவே ஒரு ஸ்கிரீன்ல வந்துட்டா உடனே பைத்தியக்காரத்தனம்.

புதுச்சேரிக்குப் போங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சொல்தாக்கள் பெத்தாங்க் ஆடுவாங்க. 6லேர்ந்து 10 மீட்டர் தள்ளி ஒரு சின்ன மரக்குண்டு, அதுக்குப் பக்கத்துல 650லேர்ந்து 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டைப் போடணும், 13 பாயின்ட் எடுத்தவன் ஜெயிச்சான். பட்டாளத்துலயும் குண்டு, ரிட்டையர் ஆகியும் குண்டானு அவங்க முன்னாடி போய்க் கேளுங்க மாமா, நான் தள்ளி நின்னு பாக்குறேன்.

லாரி டிரைவருங்களுக்கும் இதே அர்ச்சனைதான். "நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து யூரோ ட்ரக் சிமுலேட்டரா?" 2012ல வந்த கேம், இன்னும் ஆடுறாங்க. ஏன்னு யோசிச்சீங்களா? டிரைவர் வேலையில ஓட்டுறது பாதிதான். மீதி லோடுக்குக் காத்துக் கிடக்கிறது, தார்ப்பாய் கட்டுறது, பில்லுல ஒரு எழுத்து தப்புன்னா ரோட்டோரம் நிக்கிறது. அந்த கேம்ல வரைபடமே 1:19 அளவுல சுருங்கி இருக்கு, 19 கிலோமீட்டர் ரோடு 1 கிலோமீட்டர். காத்திருப்பு மொத்தமும் கழண்டு ஓட்டுறது மட்டும் மிச்சம். இன்னொண்ணு, ட்ரெய்லர் இல்லாத நம்ம டாரஸ் லாரி ஓட்டுறவர் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்திருக்கவே மாட்டார். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிச்சா ட்ரெய்லரோட பின்பக்கம் இடது பக்கம் போகும். கொஞ்சம் கூடுதலா ஒடிச்சா வண்டி மடிஞ்சு நடுவுல மாட்டிக்கும். முன்னாடி இழுத்து நேராக்கிட்டு முதல்லேர்ந்து வரணும். அவருக்கு அது வேலையில்ல, புது வித்தை.

ஸ்டியரிங் வாங்குறவங்க கவனத்துக்கு, கோபத்துக்கு நடுவுலயே சொல்லிடுறேன்: வீல் 900 டிகிரி சுத்துறதுன்னா கேம் செட்டிங்லயும் 900 வைங்க. வீல்ல ஒண்ணு, கேம்ல ஒண்ணுன்னா கையும் கண்ணும் ஒத்துப் போகாது, ஒவ்வொரு வளைவுலயும் வண்டி புளியமரத்தைத் தேடும். உள்ள பல்சக்கரம் வச்ச வீல் கடகடனு சத்தம் போடும், ராத்திரியில ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது வீல் கையைத் திருப்பித் தள்ளுற விசையை, குறைச்சு வைங்க.

இதுக்கு நேர் எதிர் கும்பலும் இருக்கு. அவங்க இன்னும் மோசம். "மீனவன்னா மீன்பிடி கேம்தானே ஆடுவான்?" ஆடுவானா? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், தேவனாம்பட்டினத்துல விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அப்போ பசங்க ஆடுறது பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்னு போன்ல சுட்டுக்கிற கேமுங்க. மீன்பிடி கேம்ல இருக்கிறது தூண்டில், நூல் சுத்துற ரீல், அதோட இறுக்கத்தை வைக்கிற டிராக். நூல் தாங்குற எடைக்கு மேல டிராக்கை இறுக்கினா நூல் அறுந்துடும், ரொம்பத் தளர்த்துனா மீன் நூலை உருவிக்கிட்டே போகும். வலை போடுறவனுக்கு அது அடுத்தவன் தொழில். அதைக் குடுத்து "உனக்கு ஈஸியா இருக்குமே"ங்கிறது, கொத்தனாரைக் கூப்பிட்டு நகை செய்யச் சொல்ற மாதிரி.

மே மாசம் கடலோரத்துல பிஜிஎம்ஐ ஆடுறதே தனிக் கொடுமை. விரல் வேர்த்து ஸ்கிரீன்ல ஒட்டும், எதிரி மேல வைக்க வேண்டிய குறி தென்னை மரத்து மேல போகும். வலை இழுத்துக் காய்ச்சுப் போன விரலை சில ஸ்கிரீன் சரியா உணராது. விரல்ல மாட்டுற ஃபிங்கர் ஸ்லீவ் போடுங்க. பவுடர் போட்டா கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் ஸ்பீக்கர் ஓட்டையை அடைக்கும்.

தொழிலையும் கேமையும் முடிச்சுப் போட்டே ஆகணும்னா, என்ன தொழில்னு கேக்காதீங்க, என்ன ஷிப்ட்னு கேளுங்க. அதைத்தான் எவனும் கேக்க மாட்டேங்கிறான். பிஜிஎம்ஐல ஒரு கிளாசிக் மேட்ச் முழுசா போனா அரை மணி நேரம், நடுவுல நிறுத்த முடியாது. ராத்திரி டூட்டி நர்ஸ் பிரேக்ல அதை எப்படி ஆடுவாங்க? பெல் அடிச்சா எழுந்து ஓடணும், இங்க நாலு பேர் டீம் செத்துப் போகும். ஸ்டார்டியூ வேலினு தோட்டம் போடுற கேம் ஒண்ணு, அதுல ஒரு நாள்ங்கிறது சுமார் 14 நிமிஷம், மெனுவைத் திறந்தாலே நேரம் நின்னுடும். கம்ப்யூட்டர்ல ஆடுறப்போ மட்டும் உஷார், கேம்ல இருக்கிற நம்ம ஆள் படுத்துத் தூங்கினாத்தான் சேவ் ஆகும், பாதி நாள்ல மூடிட்டுப் போனா அந்த நாள் போச்சு. அவங்க அதை ஆடுறதுக்குக் காரணம் "பெண்களுக்குப் பூச்செடி பிடிக்கும்"ங்கிறது இல்ல மாமா. அதுல பெல் கிடையாது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வச்சிருக்கிறவர் போன்ல ஹே டேங்கிற விவசாய கேம் ஆடுறார்னு அவர் பசங்களே கிண்டல் பண்ணுவாங்க. கோதுமை 2 நிமிஷத்துல விளையும், மக்காச்சோளம் 5 நிமிஷம். 2011 டிசம்பர் 30ல தானே புயல் வந்து ஒரே நாள்ல பலாவையும் முந்திரியையும் வேரோட சாய்ச்ச மண்ணு அது. புதுசா கன்னு வச்சு, அது மரமாகி, திரும்பக் காய்க்க எத்தனை வருஷம்னு அந்தத் தோப்புக்காரருக்குத் தெரியும். 2 நிமிஷத்துல, புயலே அடிக்காத ஊர்ல, போட்டதெல்லாம் விளையுறதை ஒரு மனுஷன் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறார். விடுங்கப்பா.

ஐடி பசங்க கதையைச் சொன்னா விடிஞ்சுடும். கம்ப்யூட்டர் வேலைன்னா எல்லா கேமும் அத்துப்படியாம். அத்தை போனைக் குடுத்து கேண்டி க்ரஷ்ல மாட்டுன லெவலைத் தாண்டிக் குடுக்கச் சொல்லுவாங்க. அவன் பார்க்கிறது சம்பளப் பட்டியல் சாஃப்ட்வேர். ஜெல்லி உடைக்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தோத்துட்டா "இதுக்கா அவ்வளவு சம்பளம்"ங்கிற பார்வை வேற.

பந்தியில ஒண்ணு பாக்கி இருக்கு. பாயசம் ரெண்டாவது ரவுண்டு வர்றதுக்குள்ள மாமா பாக்கெட்லேர்ந்து போனை எடுத்தார். என்ன பாத்தார் தெரியுமா? ஸ்பைடர் சாலிட்டேர்! சர்வீஸ் பூரா பத்தி பத்தியா எண்ணைக் கீழ இறக்கி, கூட்டு சரியா வருதானு பார்த்த மனுஷன். ரிட்டையர் ஆகி உக்காந்து, 104 சீட்டை 10 பத்தியில பிரிச்சு, ராஜாலேர்ந்து ஒண்ணு வரைக்கும் வரிசையா இறக்கிக்கிட்டு இருக்கார். அதுலயும் முதல்ல 54 சீட்டு விழும், மீதி 50 அஞ்சு தவணையா வரும், ஒரு பத்தி காலியா இருந்தாலும் அடுத்த தவணை இறங்காது. மாமாவுக்கு ஒரு பத்தி காலி. தட்டித் தட்டிப் பாக்குறார், இறங்கல. "ஹேங் ஆயிடுச்சுப்பா"னு பையன்கிட்டயே நீட்டுனார்.

பையன் வாங்கி, ஒரு சீட்டைத் தூக்கிக் காலிப் பத்தியில போட்டு, ஒரு தட்டு தட்டினான். பத்து சீட்டும் இறங்குச்சு. "கருவூலத்துலயும் பத்தி, போன்லயும் பத்தியா மாமா?"னு அவன் கேட்டிருக்கலாம். கேக்கல. "தேங்க்ஸ்பா"ங்கிறார் மாமா, தலையை நிமிர்த்தாம. இதுக்கு மேல எப்படிக் கோபப்படுறது, சிரிப்புதான் வருது.

ஆனா என்ன ஷிப்ட்னு கேக்காதவங்கள்லயே சிரிக்க முடியாத ஒரு கூட்டம் இருக்கு. இந்த லோன்காரங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சு, பஸ் பிடிச்சு வந்து, குளிச்சு சாப்பிட்டு ஒருத்தன் காலையில 8 மணிக்குப் படுக்கிறான். 11 மணிக்கு டான்னு போன். "சார், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு." யார் கேட்டது? கட் பண்ணா வேற நம்பர்லேர்ந்து, அதே குரல், அதே சார். வேணாம்னா "ஏன் சார் வேணாம்?"ங்கிறான். ஏண்டா, கடன் வேணாங்கிறதுக்கும் காரணம் எழுதி, அட்டெஸ்டேஷன் வாங்கித் தரணுமா?