முழுக் கதையையும் கையில் கொடுங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே வாசிக்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாம் அவர்களுக்கு எதைக் கொடுத்தோம், எப்படிக் கொடுத்தோம்?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. நடந்து நடந்து களைத்துப்போன ஒரு வழிப்போக்கனை அன்னமய்யா பார்க்கிறான். தாடியும் அழுக்குமாக இருப்பதால் வயசாளி என்று நினைக்கிறான். கிட்டப் போனால் வாலிபன். நீத்துப்பாகத்தை, அதாவது மேல்கஞ்சியை, குடிக்கக் கொடுக்கிறான். குடிக்கக் குடிக்க அவனுக்கு உயிர் திரும்புகிறது. கரிசல் காட்டு வெயிலும் பசியும் நம் தொண்டையிலேயே தெரியும் இடம் அது. பதினைந்து வயசுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? ஆனால் அவர்கள் கைக்கு வருவது விருந்தோம்பல் பற்றி ஒரு நெடுவினா. கைடைப் பார்த்து, துணைத்தலைப்பு போட்டு, அடிக்கோடிட்டு எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அவன் யார், எதற்காக அப்படி நடந்து வந்தான் என்று முழு நாவலைத் தேடிப் போகச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், போர்ஷனை முடிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. சித்தி, மாமா, அக்கா என்று வீட்டில் இருக்கிற நாம்தான் இதைச் செய்ய வேண்டும்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ஓட்டலில் காப்பி குடித்துவிட்டு எல்லாம் என் லீலை என்கிறார் கடவுள். இது ஓட்டல்காரன் லீலை, சிக்கரி கலந்திருக்கிறான், உம்முடைய லீலை பில் கொடுப்பதில்தான் என்கிறார் கந்தசாமிப் பிள்ளை. சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. 1948இல் மறைந்தவர் எழுதியது என்று சொன்னால் நம்ப மறுப்பார்கள். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, போனிலேயே படிக்கட்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பூமணியின் 'வெக்கை'. இதை வைத்து 2019இல் வந்த 'அசுரன்' படத்தைப் பார்த்திருப்பார்கள். படம் அப்பாவின் கதையாகிவிட்டது. நாவல் முழுக்கக் கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயசுச் சிதம்பரத்தோடு காட்டில் அலைகிறது. அவர்கள் வயசுதான் அவனுக்கும். எனக்கு நாவல்தான் பெரிசு.

படித்து முடித்ததும் கதையின் கருத்து என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சிதம்பரம் செய்தது சரியா என்று கேளுங்கள். உங்களோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நீங்களும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லுங்கள்.