தீவைக் கட்டினோம், சரி. ஆற்றை என்ன செய்வது?

குயின் பெஸ் என்ற குட்டித் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில், பராட்டாரியா விரிகுடாவில் இருக்கிறது. அந்த மாநிலத்தின் பறவை பழுப்புக் கூழைக்கடா. பூச்சிமருந்து நஞ்சால் 1963-க்குள் அங்கே அந்த இனமே இல்லாமல் போனது. 1968 முதல் புளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வளர்ந்து 1971-இல் கூடு கட்டியது இந்தத் தீவில்தான்.

அப்புறம் 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் தளத்தில் கசிவு. ஏற்கெனவே அமிழ்ந்துகொண்டிருந்த தீவில் எண்ணெயும் வந்து படிந்தது. ஒரு கட்டத்தில் கூடு கட்டத் தகுந்த நிலம் 5 ஏக்கர் அளவுக்குத்தான் மிஞ்சியது. கசிவுக்கான இழப்பீட்டுப் பணத்தில், மிசிசிப்பி ஆற்றடி மணலைப் படகுகளில் கொண்டுவந்து கொட்டி, 2020 தொடக்கத்தில் 37 ஏக்கரை மீட்டார்கள். கூழைக்கடாவுக்குப் புதர்ச்செடிகள் நட்டார்கள். ஆலா என்ற கடற்பறவைகளுக்கு வெறும் சரளைப் பரப்பு. அந்தப் பருவமே பறவைகள் வந்துவிட்டன.

பறவைக்குப் போய் இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. இப்படிப்பட்ட தீவுகளும் அவற்றுக்குப் பின்னால் உள்ள சதுப்பும்தான் புயல் அலையின் வேகத்தை ஊருக்கு முன்பே குறைக்கின்றன. பறவைக்குச் செய்வது ஊருக்கும் செய்வதுதான்.

ஆனால் என் ஆதங்கம் வேறு. அந்தக் கடலோரத்தையே மிசிசிப்பியின் வண்டல்தான் கட்டியது. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் இருபுறமும் கரையை இன்னும் உயர்த்தி இறுக்கிவிட்டார்கள். சதுப்புக்குச் சேர வேண்டிய வண்டல் ஆழ்கடலுக்குப் போகிறது. எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் ஏறிப் புல்லைக் கொல்கிறது. 1932-க்குப் பிறகு லூசியானா இழந்த நிலம் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர்.

கரையில் ஒரு மதகு வைத்து வண்டல் நீரைப் பராட்டாரியாவுக்குள் விடும் திட்டம் 2023-இல் தொடங்கியது. செலவு கூடிவிட்டது, மீனவர்கள் எதிர்க்கிறார்கள் என்று 2025 ஜூலையில் மாநில அரசே அதைக் கைவிட்டது. நன்னீர் புகுந்தால் சிப்பிப் படுகைகள் அழியும் என்ற சிப்பிக்காரர்களின் பயம் பொய்யில்லை. பிழைப்பு போகிறவனுக்கு முதலில் ஈடு கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கொடுத்து, அவர்களையும் உட்காரவைத்துப் பேசித் திட்டத்தை மறுபடி எடுத்திருக்கலாம். மணல் கொட்டிய தீவும் தாழும், புயலில் கரையும். அப்போது மறுபடி மணல் வேண்டும், மறுபடி இழப்பீட்டுப் பணம் வேண்டும். அந்தப் பணம் ஒருநாள் தீர்ந்துவிடும்.