ஐந்து நாள் என்று சொன்னீர்களே!

தண்ணீரில் மிதக்க வேண்டிய எங்கள் படகு நாற்பது நாள் தரையில் நின்றது. பழுது ஒன்றும் இல்லை. அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நாள் வேலை என்றுதான் படகுப் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். இதை எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

படகு என்றதும் "அடேங்கப்பா, பெரிய கை!" என்று சிரிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கிய 27 அடி பழைய ஃபைபர் பாய்மரப் படகு இது. மூவரும் சேர்ந்து போட்ட பணத்துக்கு சிங்கப்பூரில் ஒரு கார் வாங்க முடியாது. கார் என்ன கார், சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமச் சான்று) கூட எடுக்க முடியாது.

குளிர் நாடுகளில் அக்டோபர் வாக்கில் படகை மேலே ஏற்றுவார்கள், பனி போனதும் இறக்குவார்கள். கோடையில் ஒருவன் படகு தரையில் நின்றால் அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏது? பூமத்திய ரேகையிலிருந்து 137 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். கடல் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பாசிக்கும் கொட்டலசுக்கும் (நீங்கள் பார்னக்கிள் என்பீர்கள்) வருடம் முழுக்க அறுவடைக் காலம். பொங்கல் சமயத்தில்தான் ஆளை விட்டு அடியைச் சுரண்டினோம். மே மாதத்துக்குள், நல்ல காற்றிலும் படகு சேற்றில் இழுத்த மாட்டு வண்டி போல நகர்ந்தது. சரி, பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் பழைய பெயின்ட் செத்துவிட்டது, தூக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். மே 19 திங்கட்கிழமை தூக்குவது, வெள்ளிக்கிழமை இறக்குவது என்று பேச்சு. ஜூன் விடுமுறை நான்கு வாரமும் லாசரஸ் தீவு, செயின்ட் ஜான்ஸ் தீவு என்று பையனோடு சுற்றலாம் என்று நான் போட்ட கணக்கு எனக்குத்தான் தெரியும்.

தூக்கிய நாளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பட்டை வார்களில் தொட்டில் மாதிரி படகைத் தொங்கவிட்டு டிராவல் லிஃப்ட் (படகு தூக்கும் நகரும் கிரேன்) மெல்ல நகர, அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. மீன் சந்தையின் மூடும் நேர நாற்றம். சுக்கான் முழுக்கச் சொரசொரவென்று வெள்ளைக் கொப்புளம். புரொபெல்லரில் பச்சைச் சிப்பி கொத்தாகத் தொங்கியது, ஒரு சட்டி குழம்புக்குத் தேறும். பையன் ஆசையாகத் தொட்டுப் பார்த்து விரலைக் கிழித்துக்கொண்டான். அன்று மாலைக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள்.

அதோடு சரி. அப்புறம் ஒரு ஆள் அந்தப் பக்கம் வரவில்லை.

போன் செய்தால், "மழை பாஸ், நெக்ஸ்ட் வீக் கன்ஃபர்ம்." அடுத்த வாரமும் அதே மழை, அதே கன்ஃபர்ம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் அடிக்கக் கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கிறதாம். உண்மைதான், நானும் படித்தேன். இந்த ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90-ஐத் தாண்டுவதும் உண்மைதான். ஆனால் மழையில்லாத நாளில் மதியம் அது 60 வரை இறங்கிவிடுகிறதே! மதியம் இரண்டு மணிக்கு அடிக்க யார் கையைப் பிடித்தார்கள்? அந்த வாரம் முழுக்க என் வீட்டில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

மூன்றாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போனேன். பகல் ஒன்றரை மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. 2023 மே மாதம் ஆங் மோ கியோவில் 37 டிகிரி அடித்ததே, கிட்டத்தட்ட அந்த ரகம். பத்தடி ஏணியில் ஏறி மேல்தளத்தில் கால் வைத்தால் தோசைக்கல். பக்கத்தில் மூன்றடுக்கு மோட்டார் படகு ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றி ஆறு பேர், கையில் ரோலர். மழை அந்தப் படகின் மேல் மட்டும் பெய்யாது போலிருக்கிறது.

அதில் ஒருவர் நம் ஊர்ப் பிள்ளை. பேச்சிலேயே புதுக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்தது. "தம்பி, எங்க படகுக்கு எப்ப வருவீங்க?" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்க லிஸ்ட்ல உங்க போட்டு பேரே இல்ல" என்றார். அவர் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. அந்த வெயிலில் முகமூடி கட்டிக்கொண்டு நின்ற மனிதர் அவர். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து மழை பெய்வித்தவர் மேல்தான் கோபம்.

இதற்கு நடுவே தரை வாடகை, நாளுக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அவர்கள் வராத நாளுக்கும் நான்தான் கட்ட வேண்டும். அவர்கள் தாமதிக்கத் தாமதிக்க அவர்களுக்கே வருமானம்! இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அதில் கையெழுத்துப் போட்ட என்னைத்தான் முதலில் உதைக்க வேண்டும். போதாததற்கு, அங்சானா மரத்துச் சருகு தண்ணீர் போகும் துளையை அடைத்து, உட்காரும் இடத்தில் மழைநீர் தேங்கிவிட்டது. டெங்கி சோதனைக்கு ஆள் வந்தால் மாட்டுவது படகுக்காரன்தானே? வாரம் இரண்டு தடவை பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும் மாறிப் போய், ஏணி ஏறி, கோப்பிக்கடை டப்பாவால் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு வந்தேன். படகுப் பயணம் போக வேண்டிய விடுமுறை இப்படிப் போயிற்று. "அப்பா, நாம எப்பத்தான் படகுல போவோம்?" என்று பையன் முதல் இரண்டு வாரம் கேட்டான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் என்றைக்கு அடித்தார்கள் தெரியுமா? விடியற்காலை சுமத்ரா காற்று மரத்தைப் பிடுங்குவது போல வீசி, கொட்டோ கொட்டென்று கொட்டிய நாளில்! ஒன்பது மணிக்கு, அடி இன்னும் வேர்த்திருக்கும்போது, துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பூசியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஈரப்பதம் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தவர்கள்.

இறக்கும் நாள், ஜூன் 27. பள்ளி திறக்க மூன்று நாள். படகு வாரில் தொங்குகிறது. கடைசியாகக் குனிந்து பார்க்கிறேன், புதிதாகப் பொருத்திய துத்தநாகக் கட்டியின் மேலும் சிவப்புப் பெயின்ட்! அந்தக் கட்டி உப்புநீரில் தான் கரைந்து புரொபெல்லரையும் தண்டையும் காப்பாற்ற வேண்டியது. பெயின்ட் அடித்தால் அது வெறும் எடைக்கல். "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு, உப்புத்தாளும் ஐம்பது காசு நாணயமுமாக மல்லாந்து படுத்து நானே சுரண்டினேன். கண்ணில் எல்லாம் சிவப்புத் தூள்.

மாலையில் பில் வந்தது. கூடுதலாக 35 நாள் தரை வாடகை 2,100 வெள்ளி, ஜிஎஸ்டி 189 வெள்ளி. அதன் கீழே இன்னொரு வரி: டிராவல் லிஃப்ட் காத்திருப்புக் கட்டணம், 40 நிமிடம்.