ஒன்றரை ஷிப்டும் ஒன்றரை வயசுப் பிள்ளையும்

பிள்ளை பிறந்தால் முதலாளிக்கு மனசு இளகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இளகவில்லை. பீஸுக்குப் பத்துப் பைசா கூட்டித் தரச் சொல்லி கம்பெனிக்காரர்களிடம் இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிறேன். மாறியது நேரக் கணக்குதான்.

திருப்பூரில் நானும் வீட்டுக்காரரும் நடத்துவது சின்ன ஜாப் ஒர்க் யூனிட். கம்பெனிகளில் இருந்து கட்டிங் ஆன பீஸ் வரும். தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். இந்த ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்பது யாரும் கேள்வி கேட்காத ஏற்பாடு. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரை. சரக்கு ஏற்றும் நாளில் அதற்கு மேலும் போகும். 'கூலி கூட வருதுன்னு ஆளுங்களேதான் கேக்கறாங்க' என்று முதலாளிகள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், சாயங்காலம் வீட்டுக்குப் போயே ஆக வேண்டிய கட்டாயம் அந்த முதலாளிகளில் பலருக்கு இல்லை. எனக்கு ஆறு மணியானால் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும். கம்பெனி மேனேஜர் எதிரில் உட்கார்ந்து டெலிவரி தேதி பேசிக்கொண்டிருக்கும்போது அது வேறு எதையும் யோசிக்க விடாது.

'வியாழக்கிழமை முடியாதுங்க, சனிக்கிழமைதான்' என்று சொல்லப் பழகியது அப்போதுதான். சில பார்ட்டிகள் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார்கள். போகட்டும். ராத்திரி தூக்கக் கண்ணோடு தைத்ததைத்தானே மறுநாள் காலையில் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தோம்?

இன்னொரு புலம்பல் உண்டு. 'புதுசாக் கல்யாணமான பொண்ணை எடுத்தா ஆறு மாசம் சம்பளத்தோட லீவு தரணும், கட்டுபடியாகாது.' 2017 திருத்தத்தில் பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரத்தில் இருந்து 26 வாரமானது. அதற்கப்புறம் இந்தப் புலம்பல் கூடிவிட்டது. ஆனால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பணத்தைத் தருவது இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன். நாம் கட்டுவது மாசாமாசம் சம்பளத்தில் 3.25 சதவீதம், அதையும் ஆண் பெண் பார்க்காமல்தான் கட்டுகிறோம். கைதேர்ந்த டெய்லர் ஆறு மாசம் இல்லாமல் போவது நிஜமான கஷ்டம், மறுக்கவில்லை. அதற்கு ஹெல்பரில் ஒருத்தியை முன்கூட்டியே மெஷினில் உட்கார வைத்துப் பழக்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடிக்காமலே ஆள் வைத்திருப்பவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். முதலாளியம்மாவுக்கு லீவு தரத்தான் யாரும் இல்லை. பிரசவத்தில் போட்ட தையலைப் பிரிக்கும் முன்பே நான் சனிக்கிழமைச் சம்பளக் கணக்குக்கு உட்கார்ந்தாகிவிட்டது.

தைக்கிற துணியைப் பார்க்கும் பார்வையும் மாறியது. ஐரோப்பாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைகளின் சட்டையில் கழுத்திலோ தொப்பியிலோ நாடா வைக்கக் கூடாது, எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்று. ஊசி உடைந்தால் துண்டெல்லாம் கிடைக்கும் வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். உள்ளூர் சரக்குக்கு இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. என் மகன் கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிறான். அதனால் உள்ளூர் ஆர்டரானாலும் எங்கள் யூனிட்டில் ஊசி ரிஜிஸ்டர் உண்டு. குழந்தை உடுப்புக்குக் கழுத்து நாடா கோக்கும் வேலையை எடுப்பதில்லை.

'யூனிட்டை விட்டுட்டுக் குழந்தையைப் பார்க்கலாமே?' என்று என்னிடம் கேட்காத சொந்தமே இல்லை. வீட்டுக்காரரிடம் ஒருத்தர் கேட்டதில்லை.

அப்புறம் பணம். சிறு தொழில்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. இங்கே தொண்ணூறு நாள் சர்வசாதாரணம். டயப்பர் விற்கும் கடையில் எனக்குத் தொண்ணூறு நாள் கடன் தருவார்களா? இப்போது கெடு தேதியைப் பில்லின் அடியிலேயே எழுதித்தான் அனுப்புகிறேன். ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் தம்பி போன் பண்ணி, 'என்னங்கக்கா, முன்னாடியெல்லாம் இப்படிப் போட மாட்டீங்களே?' என்றார். 'ஆமாங்க தம்பி, செக் எப்போ வரும்?' என்றேன்.