டி-ஷர்ட்ல அந்த வார்த்தையைப் போடலாமா வேணாமா

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள், 2003லேர்ந்து அனுசரிக்கிறாங்க. அதை ஒட்டி ஒரு ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர்ல 10 கிலோமீட்டர் ஓடலாம், செலவு போக மிஞ்சுற காசை ஹெல்ப்லைன் நடத்துறவங்களுக்குக் குடுத்துடலாம்னு எங்க ரன்னிங் குரூப்ல முடிவு பண்ணோம். டி-ஷர்ட்ல என்ன எழுதுறதுங்கற பேச்சு வர்ற வரைக்கும் எல்லாம் சுமுகமாத்தான் போச்சு.

"ஹாப்பியா ஓடுவோம்"னு போடலாம்னாரு ஒருத்தர். நான் "தற்கொலையைத் தடுப்போம்"னு நேராவே போடுவோம்னு டைப் பண்ணேன். வாட்ஸ்அப் குரூப்பே கப்சிப். கொஞ்ச நேரம் கழிச்சு எங்க சீனியர் அண்ணன், நாலஞ்சு ஃபுல் மாரத்தான் முடிச்சவர், தனியா போன் பண்ணி "தம்பி, அதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள எப்படிப்பா போறது, எங்கம்மா வாசல்லயே நிப்பாட்டி கழட்டிட்டு வாடாம்பாங்க"ன்னார். எனக்குக் கோவமே வரல. எங்க வீடும் அதே வீடுதான்.

என் சின்ன சித்தப்பா போனப்போ எனக்கு ஒம்போது வயசு. கேட்டதுக்கு "வயித்து வலி"ன்னாங்க. பேப்பர்லயும் அப்பல்லாம் அப்படித்தானே வரும், 'தீராத வயிற்றுவலியால்'னு. நான் அதை அப்படியே நம்பி, ஸ்கூல்ல வயிறு வலிச்சா யார்கிட்டயும் சொல்லாம, நாமளும் செத்துருவோம்போலன்னு பயந்து டெஸ்க்ல தலையைக் கவுத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன். விஷயம் தெரியவே இருவது வருஷம் ஆச்சு, அதுவும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில, யாரோ வாய் தவறி சொன்னதுல.

நம்ம வார்த்தையிலயே ஒரு 'கொலை' ஒக்காந்திருக்கு, அதான் செத்தவன் குத்தவாளி மாதிரியும் குடும்பம் தலை குனியணும்ங்கற மாதிரியும் ஆயிடுது. சட்டமும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு, பொழச்சு வந்தவன் மேல இந்திய தண்டனைச் சட்டம் 309வது பிரிவுல கேஸ். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் கடுமையான மன அழுத்தத்துல இருந்தவர்னு எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு, 2024 ஜூலைல புதுச் சட்டம் வந்தப்போ பழைய 309வது பிரிவே போயிருச்சு. சட்டம் மாறிடுச்சு, நம்ம வாய்தான் இன்னும் வயித்து வலிங்குது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022ல தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேர். ஒரு நாளைக்கு 54 பேர். நமக்கு மேல மகாராஷ்டிரா மட்டும்தான். இத்தனை பேருக்கும் வயித்து வலியா?

குரூப்ல ஒரு தங்கச்சி கேட்டுச்சு, "அண்ணா, அந்த வார்த்தையைப் பாத்தா சும்மா இருக்கறவங்களுக்கும் எண்ணம் வந்துராதா"ன்னு. நெறைய பேருக்கு இருக்கற பயம்தான், ஆனா அப்படி இல்ல. சாகணும்னு தோணுதான்னு பதட்டப்படாம நேரா கேட்டா எண்ணம் புதுசா மொளைக்காது, கேட்டவன்கிட்ட இறக்கி வைக்க ஒரு வழிதான் கெடைக்கும். எப்படி செஞ்சாங்கன்னு விலாவாரியா பேசுறதும் எழுதுறதும்தான் ஆபத்து. நம்ம சேனலுங்க அதைத்தான் பிரேக்கிங் நியூஸாப் போடும்.

சென்னையில சிநேகாங்கற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986லேர்ந்து இதைத்தான் பண்ணுது, எதிர்முனையில ஒக்காந்து கேக்குறது. ஆரம்பிச்சது டாக்டர் லட்சுமி விஜயகுமார். பத்தாவது, பிளஸ் டூல ஃபெயிலான புள்ளைங்க ஒரு வருஷம் காத்துக் கெடக்காம சீக்கிரமே திரும்ப எழுதுற வசதி வேணும்னு வாதாடினவங்கள்ல அவங்களும் ஒருத்தர். ஒரு பரீட்சைத் தேதியை மாத்தி உயிரைக் காப்பாத்தலாம்னு யோசிக்கற மூளை இருக்கே, அதுக்கு முன்னாடி நம்ம மெடலும் செல்ஃபியும் எம்மாத்திரம்!

கடைசில ராசியாயிட்டோம். முன்னாடி "பேசுவோம்"னு மட்டும். பின்னாடி முதுகு பூரா பெருசா 14416, அது டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல வந்துச்சு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். நான் தோத்துட்டேன்னுதான் நெனச்சேன். ஓட ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, ஷ்மிட் மண்டபத்துக்கிட்ட கெளம்பினதுலேர்ந்து முன்னாடி ஓடுறவர் முதுகைத்தான் பாத்துக்கிட்டே வர்றோம், வேர்வையில ஒட்டிப்போன துணியில அந்த அஞ்சு நம்பரும் குதிச்சுக்கிட்டே போகுது, முடிக்கறதுக்குள்ள மனப்பாடம்.

பொங்கல் சாப்ட்டுட்டு அபார்ட்மென்ட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் அண்ணன் "சார், முதுகுல என்ன நம்பரு, லக்கி டிராவா"ன்னார். சொன்னேன், அந்த வார்த்தையையும் சேத்தே சொன்னேன். சிரிப்பார்னு பாத்தா சிரிக்கல. "ராத்திரியில எடுப்பாங்களா?"ன்னார். 24 மணி நேரமும் எடுப்பாங்கண்ணேன்னேன். என்னைத் திரும்பச் சொல்லி, விசிட்டர் நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒவ்வொரு நம்பரா எழுதிக்கிட்டார்.

லிஃப்ட் வந்துச்சு, ஏறிட்டேன். நாலாவது மாடியில எறங்கி சாவியை எடுக்கறப்பதான் உறைச்சுது, நேரா கேக்கணும்னு குரூப்புக்கே பாடம் எடுத்தவன், அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வந்து நிக்கிறேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கல, படியிலயே எறங்கினேன்.