முத்திரை ஆய்வாளர் வீட்டு இன்டர்நெட்

(திருச்சி, உறையூர். ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 32 வருடம் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவர். இன்றும் அவர் தெருமுனையில் திரும்பினால் மளிகைக்கடை அண்ணாச்சி தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ரவி, அவருடைய அண்ணன் மகன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். சொந்தக்காரர்கள் வீட்டில் எது பழுதானாலும் ஒரு டம்ளர் காபிக்குச் சரிசெய்து தரும் பாவப்பட்ட ஜென்மம்.)

சித்தப்பா: வா ரவி. உட்காராதே. முதலில் இதைப் படி.

ரவி: என்ன இது, நீளநோட்டு?

சித்தப்பா: இன்டர்நெட் எடைப் பதிவேடு. 1ஆம் தேதி தொடங்கி நேற்று வரை. நாலு திருட்டு பிடித்திருக்கிறேன். கம்பெனிக்காரன் மேல் வழக்குப் போடுகிறோம். நீ சாட்சி.

ரவி: நான் எப்படி சாட்சி ஆவேன்?

சித்தப்பா: "வேகத்தை அளக்க இலவசமாகவே சாப்ட்வேர் இருக்கிறது, ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று போன மாதம் சொன்னது யார்?

ரவி: சரி, சொன்னேன். திருட்டைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: முதல் திருட்டு. நான் வாங்கியது 100. ஒரு படத்தை டவுன்லோடு செய்யும்போது பார்க்கிறேன், 12 என்று காட்டுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு! என் சர்வீஸில் புளி வியாபாரிகூட இப்படிச் செய்ததில்லை.

ரவி: அது திருட்டு இல்லை. கம்பெனி விற்பது மெகாபிட். டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

சித்தப்பா: புரியும்படி சொல்.

ரவி: பிட் என்பது படி. பைட் என்பது மரக்கால்.

சித்தப்பா: (சட்டென்று) எட்டுப் படி ஒரு மரக்கால்!

ரவி: அவ்வளவுதான். 100 படியை மரக்காலில் அளந்தால் பன்னிரண்டரை.

சித்தப்பா: அப்படியென்றால் ஏன் படியில் விற்கிறான்?

ரவி: 100 என்று போர்டு வைத்தால் பார்க்க நன்றாக இருக்கிறது. பன்னிரண்டரை என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

சித்தப்பா: படி, மரக்கால் எல்லாம் செல்லாது, கிலோதான், லிட்டர்தான் என்று 1956லேயே சட்டம் போட்டாயிற்று. இவன் இன்னும் இரண்டு அளவை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறான். சரி, முதல் வழக்கு தள்ளுபடி. இரண்டாவது. லேப்டாப்பில் கேபிளைச் செருகியே அளந்தேன். 94. எத்தனை முறை அளந்தாலும் 94, சில சமயம் 95. மீதி ஆறு எங்கே?

ரவி: உங்கள் ரவுட்டர் பழையது. கேபிள் செருகும் அதன் போர்ட்டில் 100க்கு மேல் போகாது. சரக்கைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்புவார்கள், அதற்குப் பேர் பாக்கெட். அந்த 100க்குள்ளேயே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போகும் இடம், வந்த இடம், வரிசை எண் என்று மேலே எழுதி ஒட்டவேண்டும். அந்த எழுத்துக்குப் போவதுதான் ஆறு.

சித்தப்பா: சாக்கு எடை!

ரவி: ஆமாம், அரிசி மூட்டையில் சாக்கு எடை.

சித்தப்பா: அதை முன்னாலேயே சொல்லவேண்டாமா? மொத்த எடை, நிகர எடை என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் நான் ஏன் சந்தேகப்படுகிறேன்? (நோட்டில் எதையோ அடிக்கிறார்.) கொல்லைப்புறத்தில் போனில் 20 காட்டியதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ரவி: ரவுட்டர் எங்கே இருக்கிறது?

சித்தப்பா: இரும்பு பீரோவுக்குப் பின்னால். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று உன் சித்தி வைத்தாள்.

ரவி: அதையும் அடித்துவிடுங்கள்.

(அடிக்கிறார். ஆனால் பென்சிலால். ஓய்வு பெற்றாலும் அதிகாரி அதிகாரிதான்.)

ரவி: எந்த சாப்ட்வேரில் அளந்தீர்கள்?

சித்தப்பா: அங்கேதான் எனக்குக் குழப்பம். இலவசம் என்று தேடினால் ஒரு சந்தையே கிடக்கிறது. ஒன்று ஊக்லாக்காரன் ஸ்பீட்டெஸ்ட். அது நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் எந்த சர்வர் கம்ப்யூட்டரோடு அளந்தது என்று கீழே பேர் போடுகிறது. பார்த்தால், நம் கம்பெனிக்காரன் பேர்!

ரவி: பக்கத்தில் இருக்கும் சர்வராகப் பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளும். அதில் பல இந்த இன்டர்நெட் கம்பெனிகளே வைத்திருப்பதுதான். வேறு சர்வரை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

சித்தப்பா: கடைக்காரன் தராசில் கடைக்காரன் எடைக்கல்லை வைத்து அளப்பதற்கு நான் எதற்கு? வேறு சர்வரைத்தான் தேர்ந்தெடுத்தேன். நெட்ஃபிளிக்ஸ் 2016இல் ஒன்று விட்டிருக்கிறதே, ஃபாஸ்ட் டாட் காம், அதைத் திறந்தேன். திறந்ததுமே தானாக அளக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, அதை விட்டுவிட்டேன்.

ரவி: ஏன், நல்லதுதானே? விளம்பரம்கூட இருக்காது.

சித்தப்பா: ஆய்வாளர் உத்தரவு இல்லாமல் அது எப்படி அளக்கலாம்? அப்புறம் லிப்ரேஸ்பீட் என்று ஒன்று. அதன் மூல நிரலை, அதாவது உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். தராசைக் கழற்றிக் காட்டுகிறான், கை சுத்தம். மூன்றாவதாக எம்-லேப். அது ஆராய்ச்சிக்காரர்கள் நடத்துவது. அளந்த முடிவைப் பொதுவில் போட்டுவிடுகிறார்கள்.

ரவி: ஐபி முகவரியோடு, அதாவது உங்கள் இணைப்பின் அடையாள எண்ணோடு சேர்த்துப் போடுவார்கள். தெரியும் இல்லையா?

சித்தப்பா: போடட்டும். என் அறிக்கை உலகத்துக்கே போகிறதென்றால் சும்மாவா? சர்வீஸில் இருந்தபோது நான் எழுதிய அறிக்கை மாவட்டத்தைத் தாண்டியதில்லை.

ரவி: சரி, மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

சித்தப்பா: மூன்றையும்.

ரவி: மூன்றையுமா?

சித்தப்பா: ஒரு தராசு பொய் சொல்லலாம். மூன்று தராசும் சேர்ந்து பொய் சொல்லுமா? எதிர்வீட்டில் என்ஜினியரிங் படிக்கும் பையன் தானாக ஓடும்படி வைத்துக் கொடுத்தான். அங்கேதான் மூன்றாவது திருட்டு அகப்பட்டது. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடின. ஆளுக்கு 31 என்று காட்டின!

ரவி: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) மூன்றையும் கூட்டினீர்களா?

சித்தப்பா: 93. ஏன்?

ரவி: ஒரு தேங்காயை மூன்று தராசில் ஒரே நேரத்தில் வைக்க முடியுமா? உடைத்து மூன்று துண்டாகத்தானே வைக்கவேண்டும்?

சித்தப்பா: (நீண்ட மௌனம்) அந்தப் பையனும் இதைத்தான் சொன்னான். அதனால் ஒன்று முடிந்து ஒரு நிமிடம் கழித்து அடுத்தது என்று மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகு மூன்றும் 94. பதிவேட்டைப் பார், அச்சடித்த மாதிரி 94, 94, 94. நேற்று ராத்திரி வரை. அதற்கப்புறம் 2. மூன்றிலும் 2! இதுதான் நாலாவது திருட்டு. இதற்கு என்ன சாக்கு சொல்லப்போகிறாய்?

ரவி: இருங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கிறீர்கள்?

சித்தப்பா: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ராத்திரியும் உண்டு. திருடன் ராத்திரியில்தானே வருவான்?

ரவி: (தலையில் கை வைத்துக்கொண்டு) சித்தப்பா, ஒரு பேனா கொடுங்கள். வேகத்தை எப்படி அளக்கிறது தெரியுமா? நிஜமாகவே சரக்கைக் கொண்டுவந்து கொட்டிப் பார்க்கிறது. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பத்து வினாடி இறக்கினால் 125 எம்பி, அதாவது மெகாபைட். பத்து வினாடி ஏற்றினால் இன்னொரு 125. ஒரு தடவை அளந்தால் 250 எம்பி காலி.

சித்தப்பா: சரி.

ரவி: ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 288 தடவை. 72 ஜிபி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. மூன்று சாப்ட்வேர், 216 ஜிபி. 15 நாள்...

சித்தப்பா: (மனக்கணக்கு) 3240.

ரவி: உங்கள் பிளானில் மாதத்துக்கு எவ்வளவு?

சித்தப்பா: அன்லிமிடெட்.

ரவி: கீழே பொடி எழுத்தில்?

சித்தப்பா: (கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் படிக்கிறார்) 3300 ஜிபி வரை. அதற்குப் பிறகு வேகம் 2 மெகாபிட்.

ரவி: சித்தி பார்த்த சீரியலும் பேரன் பார்த்த கார்ட்டூனும் சேர்ந்து மிச்சம் 60 ஜிபியைத்தான் தின்றிருக்கும். மற்றதெல்லாம் உங்கள் தராசு தின்றது.

சித்தப்பா: பூனைக்கு அப்பம் பங்கு போட்ட குரங்கு...

ரவி: மூன்று குரங்கு.

சித்தப்பா: அது சரி, அதென்ன கணக்காக 2?

ரவி: 2023இலிருந்து குறைந்தது 2 மெகாபிட் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. 2 கொடுக்கிறான், பேர் பிராட்பேண்ட்.

சித்தப்பா: சட்டம் படித்தவன். அவன்மேல் வழக்கு நிற்காது. இப்போது நான் என்ன செய்யவேண்டும்?

ரவி: லிப்ரேஸ்பீடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலை, மதியம், ராத்திரி, மூன்றே தடவை. மாத்திரை மாதிரி. இடையில் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விண்டோஸிலேயே பிங் இருக்கிறது, அது போதும். மூட்டையை அவிழ்க்காது. வாசலில் நின்று "அண்ணாச்சி" என்று குரல் கொடுக்கும். பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று மட்டும் குறித்துக்கொள்ளும். வினாடிக்கு ஒரு தடவை நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் 10 எம்பியைச் சுற்றித்தான் ஆகும்.

சித்தப்பா: பதில் வரவில்லை என்றால்?

ரவி: லைன் போயிற்று என்று அர்த்தம்.

சித்தப்பா: அல்லது அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போயிருப்பார். (குரலைத் தாழ்த்தி) ரவி, இன்னும் 15 நாள் இருக்கிறது. சாயங்காலம் சீரியல் சுற்றிக்கொண்டே நின்றால் உன் சித்தி கேட்பாள்.

ரவி: நடந்ததைச் சொல்லிவிடுங்கள். முத்திரை ஆய்வாளர் பொய் சொல்லலாமா?

சித்தப்பா: நான் சொல்லமாட்டேன். நீ சொல். கடலுக்கடியில் போகிற கேபிளைச் சுறா கடித்துவிட்டது என்று.

ரவி: சித்தி உடனே போனை எடுத்து, செய்தியில் வந்திருக்கிறதா என்று தேடுவார்களே?

சித்தப்பா: தேடட்டும். இந்த வேகத்தில் அது திறப்பதற்குள் ஒன்றாம் தேதி வந்துவிடும்.