மேவனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் நடந்த நிரலாளர் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். "இன்னும் மேவனையா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று மேடையில் நின்ற தம்பி கேட்டதும் அரங்கமே கைதட்டியது. அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

மேவன் என்பது ஜாவா மொழியில் எழுதிய நிரலை மென்பொருளாகக் கட்டித்தரும் கருவி. எனக்கு அது பிடிக்கும். வேறு வழியில்லாமல் அல்ல, விரும்பித்தான் வைத்திருக்கிறேன்.

காரணம் ஒன்றுதான். மேவன் யாரையும் தன் சாமர்த்தியத்தைக் காட்ட விடாது. ஜாவா நிரலுக்கு ஓர் இடம், சோதனை நிரலுக்கு ஓர் இடம். தொகுப்பது, சோதிப்பது, பொதியாக்குவது என்ற வரிசையும் மாறாது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதைத் திறந்தாலும், அம்மா வீட்டுச் சமையலறையில் இருட்டிலும் உப்பு கைக்குக் கிடைப்பதுபோல எல்லாம் கிடைக்கும்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, 2012ஆம் ஆண்டு மென்பொருள் ஒன்று என் தலையில் விழுந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பக்கக் குறிப்புகூட இல்லை. மனைவியும் பிள்ளைகளும் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையில் இருக்க, நான் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியைத் திறந்தேன். ஜாவா 8-ஐ நிறுவினேன், ஒரே கட்டளை கொடுத்தேன். தே தாரிக் ஆறுவதற்குள் பில்ட், அதாவது மென்பொருளைக் கட்டும் வேலை, முடிந்துவிட்டது. எதை எப்படிக் கட்ட வேண்டும் என்று மேவனுக்குச் சொல்லும் போம் கோப்பின் தலையில் 4.0.0 என்ற வடிவ எண் இருந்தது. 2005இல் மேவன் 2 வந்தபோது இருந்த அதே எண். நான் பார்த்தே இராத ஒருவர் விட்டுப்போன வேலை, சிந்தாமல் சிதறாமல் என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

போம் கோப்பை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவம் நீளம் என்பீர்கள். நீளம்தான், ஆனால் வாசித்தால் புரிகிறது. லைப்ரரிகள் வேண்டும் என்று, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளுக்காக, இணையம் முழுவதையும் இறக்குகிறது என்பீர்கள். முதல் முறை இறக்கியது உங்கள் கணினியிலேயே இருக்கிறதே! மேவனுக்குப் போட்டிக் கருவியான கிரேடில் வேகமானது, உண்மை. மாறாத பகுதியை அது மறுபடி செய்வதில்லை. ஆனால் நான் முன்பு இருந்த இடத்தில் ஒருவர் கிரேடில் கோப்பையே தனி மென்பொருள்போல எழுதிவைத்துவிட்டுப் போனார். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று நாள் ஆனது. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் மோதும் சிக்கலை மட்டும் மறுக்க மாட்டேன். அதில் நானும் ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன்.

கருவியைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்று சிரித்தது அதை வைத்து வேலை செய்கிறவர்களைப் பார்த்து. புதிதாக எழுதுகிறவருக்கு மேடை கொடுக்கிறோம். பழையதை நிற்காமல் ஓடவைக்கிறவருக்கு என்ன கொடுத்தோம்? எனக்கு மேவனைக் கற்றுத் தந்த அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை இரண்டு மணிக்குச் சர்வர் விழுந்தாலும் தொலைபேசியை எடுப்பவர். எல்லோரும் கைதட்டியபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "போகலாமா தம்பி?" என்றார். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. கெரிஞ்சி எல்ஆர்டி நிலையம் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.